வாரத்துக்கு 10 செஷன், 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தோள் வலி: சுமையை எப்படிக் கணக்கிடுவது?

லேன்_ஓரம் (கேள்வி)
12 முதல் 14 வயது வரை 9 பிள்ளைகள் உள்ள நீச்சல் குழுவுக்குப் பயிற்சி தருகிறேன். பள்ளி நடந்தபோது வாரம் 6 செஷன், மொத்தம் 21 கி.மீ. கோடை விடுமுறை விட்டதும் காலை, மாலை என்று 10 செஷன், 33 கி.மீ. ஒவ்வொன்றும் 90 நிமிடம்தான். ஒரு செஷனின் தூரம் 3,500 மீட்டரிலிருந்து 3,300-ஆகக் குறைந்தும் இருக்கிறது. ஆனாலும் மூன்றாவது வாரத்தில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு வலது தோளின் முன்பக்கம் வலி. மூன்று பேருக்கு 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நேரம் 2 விநாடி கூடிவிட்டது. மாநில மீட்டுக்கு (போட்டிக்கு) 7 வாரம் இருக்கிறது. முழு ஓய்வு கொடுப்பதா, உள்ளங்கையில் மாட்டும் பேடிலை மட்டும் நிறுத்தினால் போதுமா?

ஸ்டாப்வாட்ச்
சார், மீட்டரை மட்டும் எழுதிவைத்தால் இது தெரியாது. செஷன் முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்வி: "இன்னிக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? 0-ல இருந்து 10-க்குள்ள சொல்லு." அந்த எண்ணை நிமிடத்தால் பெருக்கினால் அந்தச் செஷனின் சுமை. முன்பு சராசரியாக 5 என்று வைத்தால் 6 × 90 × 5 = 2,700. இப்போது 6 என்றால் 10 × 90 × 6 = 5,400. தூரம் ஒன்றரை மடங்கு சொச்சம், சுமையோ ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு.

தனித்தனியாகக் கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் பக்கத்து லேன் பையன் சொன்ன எண்ணையே இவனும் சொல்வான். லேசானது என்று நீங்கள் கொடுத்த செட்டுக்கு (பயிற்சித் தொகுதிக்கு) ஒரு பிள்ளை 6 சொன்னால், சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அது லேசாக இல்லை, அவ்வளவுதான்.

வரும் வாரம் 7 செஷன், சராசரி 5 வருகிற மாதிரி இறக்குங்கள்: 3,150. பிறகு வாரம் பத்து சதவீத அளவில் ஏற்றி, ஒவ்வொரு நான்காவது வாரமும் இறக்குங்கள். பத்து சதவீதம் சட்டம் இல்லை; தோள் ஒத்துழைக்காத பிள்ளைக்கு அதுவும் அதிகம். மீட்டுக்கு முந்தைய பத்து நாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேக செட்டை அப்படியே விடுங்கள்.

பிசியோ_தோள்
முழு ஓய்வு பெரும்பாலும் வேண்டாம். வலி 10-க்கு 3-க்குள் இருந்து, மறுநாள் காலையில் போய்விட்டால் பாதி தூரத்தோடு தொடரலாம். வலியால் ஸ்ட்ரோக் (கைவீசும் விதம்) மாறினால் அன்றைக்கு அந்தச் செட் முடிந்தது. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கை மரத்துப்போவது, தோள் நழுவுகிற உணர்வு, கையைத் தூக்க முடியாமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நீச்சலை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலி மாத்திரை போட்டு நீந்தவிடவே கூடாது.

25 மீட்டருக்கு 20 கைவீச்சு என்றால் 3,300 மீட்டரில் ஒரு தோளுக்கு 1,320 சுழற்சி. காலை, மாலை சேர்த்து 2,640. களைத்த பிறகு முழங்கை தாழும், கை நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே விழும். தசைநார் நசுங்குவது பெரும்பாலும் அப்படிக் களைத்த பிறகு நீந்தும் தூரத்தில்தான்.

பேடிலை நிறுத்துங்கள், சரி. பலர் மறப்பது கிக்போர்டு. கையை முன்னால் நீட்டிப் பலகையைப் பிடித்தால் வலியுள்ள தோள் அதே நெருக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். மல்லாந்து, கையை உடலோடு வைத்துக் கிக் அடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் பின்னால் நின்று இன்னொருவரின் இரண்டு கையையும் பின்பக்கம் இழுக்கும் ஸ்ட்ரெச்சை இன்றே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே தளர்வான மூட்டின் முன்பகுதியை அது இன்னும் தளர்த்துகிறது. பதிலுக்கு ரப்பர் பேண்ட்: முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே சுருட்டிய துண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது, 15 தடவை இரண்டு செட், வாரம் மூன்று நாள்.

உயரத்தையும் மாதம் ஒருமுறை காலையில் அளந்து எழுதுங்கள். பெண் பிள்ளைகளுக்கு 12 வயதையொட்டியும் பையன்களுக்கு 14 வயதையொட்டியும் வளர்ச்சி வேகமாக இருக்கும். கை நீண்டுவிடும், தோள்பட்டைத் தசை அந்த நீளத்துக்கு இன்னும் பலப்பட்டிருக்காது. மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்த பிள்ளைக்குச் சுமையை ஏற்றாமல் நிறுத்திவையுங்கள்.

தட்டும்_தூக்கமும்
5:30 செஷனுக்கு 4:45-க்கு எழ வேண்டும். விடுமுறையில் பிள்ளைகள் 11 மணிக்கு முன் படுப்பதில்லை. ஆறு மணி நேரம்கூடத் தேறாது. 13 வயதுக்கு வேண்டியது 8 முதல் 10. காலை செஷனை மூன்று நாளாக்குங்கள், மதியம் ஒரு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள்.

குளத்தை விட்டு ஏறிய அரை மணிக்குள் ஏதாவது உள்ளே போக வேண்டும். 45 கிலோ பிள்ளைக்கு இரண்டு வாழைப்பழமும் இரண்டு முட்டையும் போதும். முட்டை சாப்பிடாத வீட்டில் பாலும் ஒரு கிண்ணம் சுண்டலும். காலையில் வெறும் வயிற்றில் இறக்காதீர்கள். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் மூன்று மாதம் நின்றிருந்தாலோ, 15 வயதாகியும் வராவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்; எலும்பையும் பாதிக்கும். நேரம் கூடிக்கொண்டே போகிறவர்களுக்கு ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள்.

லேன்_ஓரம்
நன்றி. அந்த 2,700, 5,400 கணக்கைச் செயலியில் போட்டேன். இந்த வாரத்தை நாலு வாரச் சராசரியால் வகுத்து 1.14, பச்சை (ஆபத்தில்லை) என்கிறது. வலி வந்திருக்கும்போது பச்சை எப்படி?

ஸ்டாப்வாட்ச்
அந்தச் சராசரிக்குள்ளேயே மூன்று கனமான வாரம் உட்கார்ந்திருக்கிறதே. முதல் வாரத்தில் போட்டிருந்தால் 5,400-ஐ 3,375-ஆல் வகுத்து 1.6, சிவப்பு. சுமை எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை மட்டும்தான் அது காட்டும். ஏறிய இடத்திலேயே மூன்று வாரம் நின்றால் பச்சையாகிவிடும். யாருக்கு வலி வரும் என்று அதற்குத் தெரியாது. தினமும் வார்ம்-அப்புக்கு முன் தூக்கம், களைப்பு, வலி, பசி, மனநிலை ஐந்துக்கும் 1 முதல் 5 மதிப்பெண் வாங்குங்கள், 5 என்றால் நன்றாக இருக்கிறது. வழக்கமாக மொத்தம் 20 போடும் பிள்ளை இரண்டு நாள் தொடர்ந்து 15-க்குக் கீழே வந்தால், அன்றைய மெயின் செட்டைப் பாதியாக்குங்கள்.