புதுப்பிப்பு: பூட்டை இழுத்துப் பார்க்கும் பழக்கம், 12 அமர்வுகளுக்குப் பிறகு

பூட்டிய கதவை இருபது தடவை இழுத்துப் பார்க்காமல் கிளம்ப முடியவில்லை என்று 3 மாதம் முன்பு எழுதியிருந்தேன். சிகிச்சைக்குப் போகச் சொன்னீர்கள், போனேன்.

பயம் தரும் காரியத்தைச் செய்துவிட்டு, அந்தப் பயத்தைத் தணிக்கும் சடங்கைச் செய்யாமல் இருப்பதுதான் பயிற்சி. முதல் நாள் ஒரே முறை பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுவிட்டுப் படியிறங்கினேன். உள்ளங்கை வியர்த்தது. பதற்றம் பத்துக்கு ஒன்பது. 40 நிமிடத்தில் தானாகவே நான்குக்கு இறங்கியது. நான் எதுவுமே செய்யவில்லை! அந்த நாளை மறக்கவே மாட்டேன்.

யேல்-பிரவுன் மதிப்பெண் (இப்படித் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் OCD எவ்வளவு கடுமை என்று அளப்பது; குறைந்தால் நல்லது) 40க்கு 27 இருந்தது, இப்போது 15. அப்புறம், "பூட்டிட்டேன்ல?" என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருப்பதும் சடங்குதானாம். அதை விடுவதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த வாரம் கேஸ் அடுப்பில் தொடங்குகிறோம்.