டிக்கன்ஸ் முதல் ஹார்டி வரை: இந்தப் புகழ் தகுமா?
(நடுப்பக்கம், தேன்மொழி, வால்நட்சத்திரம், அடிக்குறிப்பு என்ற புனைபெயர்களில் நால்வர் வாதிடுகிறார்கள்.)

நடுப்பக்கம்:
ஒரு வம்பை ஆரம்பித்து வைக்கிறேன். டிக்கன்ஸ், தாக்கரே, ஜார்ஜ் எலியட், ட்ரொலப், ஹார்டி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின், அதாவது விக்டோரியா காலத்து நாவலாசிரியர்களின் பெயரைச் சொன்னாலே பலரும் எழுந்து நின்றுவிடுகிறார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' 1852 மார்ச்சில் தொடங்கி 1853 செப்டம்பர் வரை மாதத் தவணையாக வந்தது. தவணைக்கு 32 பக்கம், விலை ஒரு ஷில்லிங். சொல்ல விஷயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த 32 பக்கத்தை நிரப்பியாக வேண்டும். நிரப்பியிருக்கிறார். அதில் கதை சொல்லும் எஸ்தர் சம்மர்சன் என்ற பெண், தான் எவ்வளவு அடக்கமானவள் என்பதைத் தானே ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மூன்று பாக நாவல்கள் இன்னொரு கூத்து. விலை ஒன்றரை கினி (ஒரு கினி 21 ஷில்லிங்), சாதாரண ஆள் வாங்க முடியாது. ஆனால் மூடி என்பவர் நடத்திய வாடகை நூலகத்தில் ஆண்டுச் சந்தாவே ஒரு கினிதான். ஒரு கதையை மூன்று பாகமாக உடைத்தால் ஒரே சமயத்தில் மூன்று பேருக்குக் கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. எழுத்தாளர்கள் அந்தக் கணக்குக்கு ஏற்ப இழுத்தார்கள். ட்ரொலப் இன்னும் மேல்: கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை எழுதியதாக அவரே தன்வரலாற்றில் சொல்கிறார். இப்படி வந்த சரக்கைப் பேரரசு தன் காலனிக் கல்லூரிகளுக்கு ஏற்றுமதி செய்தது. இவர்களின் புகழில் பாதி பாடத்திட்டம் கொடுத்தது என்கிறேன்.

தேன்மொழி:
பாடத்திட்டமும் பேரரசும்தான் காரணம் என்றால் புல்வர் லிட்டன் எங்கே போனார்? அந்தக் காலத்தில் டிக்கன்ஸுக்கு இணையாகப் பேசப்பட்டவர். 1858-59இல் பிரிட்டனின் காலனித் துறை அமைச்சராகவே இருந்தவர். பேரரசு யாருக்காவது புகழைத் தூக்கிக் கொடுக்குமானால் முதலில் இவருக்கல்லவா கொடுத்திருக்கும்? இன்று அவர் பெயர் நினைவில் இருப்பது 'இருண்ட, புயல் வீசிய இரவு அது' என்று ஒரு நாவலைத் தொடங்கியதற்காக. மிக மோசமான முதல் வாக்கியம் எழுதுகிறவர்களுக்கு அமெரிக்காவில் அவர் பெயரில் ஒரு போட்டி நடத்தினார்கள்.

விற்பனைதான் காரணம் என்றால் ரெயினால்ட்ஸ் நிலைத்திருக்க வேண்டும். லண்டன் மர்மக் கதைகள் எழுதிக் குவித்தவர். இந்தியாவில் அவரை விழுந்து விழுந்து படித்தார்கள். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் அவருடைய நாவல்களைத் தழுவி எழுதினார். இன்று ரெயினால்ட்ஸை ஆய்வு மாணவர்களைத் தவிர யார் படிக்கிறார்கள்?

அப்புறம், டிக்கன்ஸை வளர்த்தவர்கள் காலனி மாணவர்கள் மட்டுமா? ரஷ்யாவை இங்கிலாந்து ஆளவில்லை. முழுக்க நல்லவனான ஒரு மனிதனைப் படைப்பது எவ்வளவு கடினம் என்று 1868இல் எழுதிய கடிதத்தில் தஸ்தயேவ்ஸ்கி செர்வாண்டிஸின் டான் குயிக்ஸாட்டோடு டிக்கன்ஸின் நாயகன் பிக்விக்கையும் சேர்த்துச் சொல்கிறார். தன்னுடைய முதல் நாவல் முயற்சி டிக்கன்ஸைப் பார்த்துச் செய்தது என்று காஃப்கா நாட்குறிப்பில் எழுதினார். இவர்களுக்கு எந்தக் கல்லூரி பாடம் வைத்தது?

வால்நட்சத்திரம்:
தஸ்தயேவ்ஸ்கிக்குப் பிடித்தால் எனக்கும் பிடிக்க வேண்டுமா என்ன! சரி, அதை விடுங்கள். 1857 கிளர்ச்சியின்போது டிக்கன்ஸ் தன் தோழி ஏஞ்சலா பர்டெட் கூட்ஸுக்கு எழுதிய கடிதத்தைப் படித்திருக்கிறீர்களா? தான் இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே அழித்தொழிக்க முயல்வேன் என்கிறார். லண்டன் தெருப் பையனுக்காக அழுத அதே பேனா. இதையும் தராசில் வைக்க வேண்டாமா?

அடிக்குறிப்பு:
வையுங்கள், வைக்கத்தான் வேண்டும். ஆனால் அது ஆளைப் பற்றிய தீர்ப்பு. நாவல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு அந்தக் கடிதம் பதில் சொல்லாது.

நடுப்பக்கத்துக்கு: இந்தப் புகழ் ஒருமுறை கிடைத்து அப்படியே நின்றுவிட்டது போலப் பேசுகிறீர்கள். நடந்தது வேறு. எலியட் 1880இல் இறந்தபின் அவர் மதிப்பு சரிந்தது. 1919இல் எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் எலியட்டின் 'மிடில்மார்ச்'சைப் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட சில ஆங்கில நாவல்களில் ஒன்று என்று சொல்லித் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. விமர்சகர் லீவிஸ் 1948இல் போட்ட உயர்ந்த நாவலாசிரியர் பட்டியலில் டிக்கன்ஸுக்கு இடமில்லை, 'ஹார்ட் டைம்ஸ்' ஒன்றைத் தவிர. அதே லீவிஸ் 1970இல் மனைவியோடு சேர்ந்து டிக்கன்ஸைக் கொண்டாடி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ட்ரொலப்புக்கு நீங்கள் சொன்ன கடிகாரமே வினையானது. அந்தத் தன்வரலாறு வெளிவந்த 1883க்குப் பிறகு விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். தாக்கரே? 'வேனிட்டி ஃபேர்' மட்டும் மிச்சம். ஒவ்வொரு தலைமுறையும் இவர்களைத் திரும்பக் கூண்டில் ஏற்றி விசாரித்திருக்கிறது.

'ப்ளீக் ஹவுஸ்' பற்றி ஒன்று. அதில் இரண்டு குரல்கள். ஒன்று எஸ்தருடையது, நடந்து முடிந்ததைச் சொல்வது. மற்றது பெயரில்லாத ஒரு குரல், எல்லாவற்றையும் இப்போது நடப்பதாகவே சொல்வது. மூடுபனியும், சொத்து வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் சான்சரி நீதிமன்றமும் அந்தக் குரலில் வருகின்றன. தெரு பெருக்கும் ஜோ சாகும்போது அது நேராக மகாராணியையும் பிரபுக்களையும் கூப்பிட்டு, செத்துவிட்டான் என்று சொல்கிறது. எஸ்தரின் அடக்கமான குரல் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்தக் கோபம் இவ்வளவு சுடாது. 32 பக்கத்தை நிரப்பத் தவிக்கிறவர் செய்கிற வேலை இல்லை இது.

நடுப்பக்கம்:
ஜோ சாகிற இடம் நன்றாக இருக்கிறது, யார் இல்லை என்றது? ஆனால் தேன்மொழி, நீங்கள் கேலி செய்த அதே புல்வர் லிட்டன் சொல்லித்தான் டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முடிவையே மாற்றினார்! முதலில் எழுதியதில் கதைநாயகன் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சந்தித்து, இரண்டு வார்த்தை பேசிப் பிரிகிறார்கள். அவள் வேறொருவருக்கு மனைவி. கச்சிதமான, கசப்பான முடிவு. அச்சில் வந்ததோ இடிந்த தோட்டம், எழும்பும் மூடுபனி, கைகோத்து நடை. வாசகர் மனம் கோணக் கூடாது என்று தன் உச்சப் படைப்பையே விட்டுக்கொடுத்தவரை எப்படி மேதை என்பது?

தேன்மொழி:
நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். இனி பிரிவின் நிழலே தனக்குத் தெரியவில்லை என்று சொல்வது பிப். நாவல் முழுக்கத் தப்பாகவே கணக்குப் போட்ட பிப்! அவன் சொல்வதை நம்பச் சொல்லி டிக்கன்ஸ் நம்மைக் கேட்கவில்லை.

சந்தைக்கு வளைந்தார்கள் என்ற குற்றச்சாட்டில் ஹார்டியை என்ன செய்வீர்கள்? 'டெஸ்' 1891இல் பத்திரிகைத் தொடராக வந்தபோது, வெள்ளம் நின்ற பாதையில் டெஸ்ஸின் காதலன் ஏஞ்சல் க்ளேர் பால்காரப் பெண்களைக் கைகளில் தூக்கிக்கொண்டு கடக்கும் காட்சி ஆபாசமாகத் தெரிந்ததாம். தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளுவதாக மாற்றினார் ஹார்டி. புத்தகமாக வந்தபோது கைகளையே திருப்பி வைத்தார். 1895இல் தன் 'ஜூட்' நாவலுக்குக் கிடைத்த வசவுக்குப் பிறகு புது நாவலே எழுதவில்லை. மீதி வாழ்க்கை கவிதைக்குப் போனது. எமிலி ப்ரான்ட்டி எழுதியது ஒரே நாவல், 'வுதரிங் ஹைட்ஸ்', 1847இல். காட்டுமிராண்டித்தனம் என்று திட்டு வாங்கி, மறு ஆண்டே இறந்துபோனார். எந்தச் சந்தை அவரைத் தூக்கிவிட்டது?

வால்நட்சத்திரம்:
எலிசபெத் காஸ்கெல்லை யாருமே சொல்லவில்லை, பாருங்கள். மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி 1848இலேயே எழுதியவர். புகழ் நியாயமாகப் பங்கிடப்பட்டது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

நடுப்பக்கம்:
அதைத்தானே நானும் சொல்கிறேன். சரி, கடைசியாக என் பேரம்: எலியட்டும் எமிலியும் இருக்கட்டும், ஹார்டியும் இருக்கட்டும். ட்ரொலப்பின் 47 நாவலில் எதையாவது இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கன்ஸில் பாதி. 'ப்ளீக் ஹவுஸ்' வேண்டுமானால் எஸ்தரை எடுத்துவிட்டுத் தாருங்கள்.

தேன்மொழி:
எஸ்தரை எடுத்துவிட்டால், அவளை ரகசியமாகப் பெற்ற லேடி டெட்லாக் எதை மறைப்பாள்? வக்கீல் டல்கிங்ஹார்ன் எதைத் துருவிக்கொண்டு அலைவார்? ஓடிப்போன லேடி டெட்லாக்கைத் தேடித் துப்பறிவாளர் பக்கெட் பனியில் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பது? பேரம் படியாது, ஐயா.