கரக் படகைத் தமிழில் எப்படி எழுதுவது?

வணக்கம் மக்களே, ஒரு உதவி வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் ஸ்காட்லாந்திலும் காலங்காலமாக ஓடிய கரக் என்ற சின்னப் படகைப் பற்றிச் சிறுவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன், பெயரிலேயே மாட்டிக்கொண்டேன்.

மெல்லிய மரச்சட்டம், அதன்மேல் முன்பு மாட்டுத்தோல், பிற்பாடு தார் பூசிய கித்தான் துணி. அவ்வளவுதான் படகு. அயர்லாந்தின் மேற்கே உள்ள ஆரன் தீவுகளில் அதைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கறுப்பு வண்டுக்கு மனிதக் கால் முளைத்த மாதிரி இருக்கும். அயர்லாந்தின் தென்மேற்கே கெரி பக்கம் இதையே நேவோக் என்கிறார்கள். ஸ்காட்லாந்தின் அயோனா தீவில், 563-இல் அயர்லாந்துத் துறவி புனித கொலும்பா வந்திறங்கியதாகச் சொல்லப்படும் துறைக்கு கேலிக் மொழியில் 'கரக் துறை' என்றே பெயர்.

தோல், சட்டம் என்றதும் 'பரிசல்' என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் ஒகேனக்கல் பரிசல் வட்டம். அயர்லாந்தின் பாய்ன் ஆற்றுக் கரக் வேண்டுமானால் அந்த ஜாடையில் இருக்கும், கடலுக்குப் போகிற கரக்கோ நீளமாக, முன்முனை தூக்கி நிற்கும். 1976-77-இல் டிம் செவரின் என்ற பயண எழுத்தாளர் மாட்டுத்தோல் படகிலேயே அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை போய்ச் சேர்ந்தார், அதைப் போய் பரிசல் என்றால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

'தோல்படகு', 'தோல்வள்ளம்' இரண்டில் எது சரி? இல்லை, 'கரக்' என்றே விட்டுவிடலாமா? அப்புறம், அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே பக்கம் இருப்பவர்கள் யாராவது உள்ளூர்க்காரர் வாயால் அந்தப் பெயரைச் சொல்லவைத்துக் குரல்பதிவு அனுப்பினால் பெரிய உபகாரம், கடைசி எழுத்து 'க்'கா 'ஹ்'ஹா என்றே எனக்குப் பிடிபடவில்லை.