‘மேட் இன்’ மட்டும் மிஞ்சிய டிஸ்ட்ரிபியூட்டர்: இங்கிலாந்தா, பாடியா?

திருநகர்வாசி:
எம்டியூ என்ற மதுரைப் பதிவெண் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றைப் பழைய நிலைக்கே கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். 948 சிசி எஞ்சின் முழுதாக இருக்கிறது, ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்தான் இல்லை. சிம்மக்கல் பக்கம் பழைய சாமான் கடையொன்றில் லூகாஸ் நிறுவனத்தின் 25டி4 என்ற மாடல் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைப் பார்த்தேன். அலுமினிய வார்ப்பில் ‘லூகாஸ்’ தெளிவாகத் தெரிகிறது; ‘மேட் இன்’ என்பதற்குப் பிறகு வரவேண்டிய நாட்டின் பெயர் தேய்ந்திருக்கிறது. குத்திய எண்களில் 40, அடுத்து ஓர் 8 படிக்க முடிகிறது; மற்ற இரண்டு இலக்கங்கள் வெள்ளை பூத்து மறைந்துவிட்டன. அதற்குக் கீழே 10 64. கடைக்காரர் இதைச் சீமைச் சரக்கு என்று சொல்லி, அதற்கேற்ற விலை கேட்கிறார். இதை எப்படி உறுதிசெய்வது?

மேலவெளிவீதி:
இதில் ஐயப்பட ஒன்றுமில்லை, இது இங்கிலாந்தில் செய்ததுதான். 40 என்று தொடங்கும் ஐந்திலக்க எண் இங்கிலாந்து லூகாஸ் தன் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு இட்டுவந்த வரிசை. லூகாஸும் டிவிஎஸும் சேர்ந்து அமைத்த லூகாஸ்-டிவிஎஸ் சென்னைப் பாடியில் தொடங்கப்பட்டதே 1961இல்தான். ஹெரால்டும் அதே ஆண்டில்தான் இங்கே வந்தது. தொடக்கத்தில் பல பாகங்கள் கப்பலில் வந்து, படிப்படியாகத்தான் உள்நாட்டுப் பாகங்களுக்கு இடம் விட்டன. 1964 அக்டோபர் என்றால் அந்த இடைக்காலத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

கோரிப்பாளையம் பட்டறை:
ஐயா, நீங்கள் சொல்லும் மூன்று சான்றுகளில் ஒன்றுகூடத் தனியாக நிற்காது. ஐந்திலக்க எண் சொல்வது, எந்த எஞ்சினுக்கு எந்த அமைப்பில் செய்தது என்பதை. உரிமம் பெற்று அதே வரைபடத்தை வைத்துச் செய்பவர் அதே எண்ணைப் போடுவதற்கு என்ன தடை? இரண்டாவது, 10 64 என்பது அக்டோபர்தான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? லூகாஸ் ஒரு காலத்தில் மாதத்தையும் ஆண்டையும் குத்தியது, பின்னர் வாரத்தையும் ஆண்டையும் குத்தியது. முதல் எண் 12ஐத் தாண்டியிருந்தால் அது வாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 10 என்றால் அக்டோபராகவும் இருக்கலாம், மார்ச் முதல் வாரமாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அப்போது பாடித் தொழிற்சாலை தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. முத்திரை 58 என்றிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். 64 எந்தப் பக்கமும் சாயாது.

மேலவெளிவீதி:
மதுரைக்காரர்களுக்கு டிவிஎஸ் என்றாலே சொந்த ஊர்ப் பாசம் வந்துவிடுகிறது. சான்று கேட்கிறீர்கள், சரி. தேய்ந்த இடத்தை அளக்கலாமே! இங்கிலாந்து என்பதற்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்துகள், இந்தியாவுக்கு ஐந்து. அந்த ஐந்திலும் இரண்டு வெறும் கோடுகள்.

கோரிப்பாளையம் பட்டறை:
அளப்பது நல்ல யோசனைதான். ஆனால் உப்புத்தாளும் கம்பி பிரஷும் அதன்மேல் படக்கூடாது. இருக்கிற எழுத்தும் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த பல் துலக்கும் பிரஷால் அழுக்கை எடுத்துவிட்டு, மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பாருங்கள். பிறகு இருட்டில் டார்ச்சை வார்ப்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், மேடு கரைந்த இடத்திலும் நிழல் விழும்.

திருநகர்வாசி:
கடைக்காரர் அனுமதித்ததால் அங்கேயே செய்து பார்த்தேன். நாட்டின் பெயரில் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு மட்டும் காகிதத்தில் பதிந்தது. இரண்டு பெயர்களுக்குமே முதல் எழுத்தில் இடப்பக்கம் நேர்கோடுதான் என்பதால் அது உதவவில்லை. எழுத்துக்கு எழுத்து இடைவெளி ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். அந்தக் கோட்டிலிருந்து 17 மில்லிமீட்டர் தள்ளி, வலப்பக்கம் வளைந்த ஒரு விளிம்பின் சுவடு டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. எஞ்சினின் உறிஞ்சலுக்கேற்பத் தீப்பொறி நேரத்தை மாற்ற, பக்கவாட்டில் இருக்கும் வேக்குவம் யூனிட்டில் 5 12 8 என்ற எண்களும், அவற்றுக்கு அருகே லூகாஸ்-டிவிஎஸ் என்ற பெயரும் இருக்கின்றன.

மேலவெளிவீதி:
ஐந்து எழுத்துகள் 17 மில்லிமீட்டர் வரை நீளாது. இந்தியா என்பதன் கடைசி எழுத்துக்கு வளைவும் கிடையாது, சாய்ந்த கால்தான் உண்டு. ஆகவே அது இங்கிலாந்துதான். வேக்குவம் யூனிட் பின்னாளில் மாற்றியதாக இருக்கலாம். உள்ளே இருக்கும் டயப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் எல்லோரும் மாற்றுவதுதானே.

கோரிப்பாளையம் பட்டறை:
வார்ப்பு இங்கிலாந்துடையது என்பதில் எனக்கும் இப்போது மறுப்பில்லை. ஆனால் கடைக்காரர் விலை சொல்வது வார்ப்புக்கு மட்டும் அல்லவே! அறுபது ஆண்டுகளாகப் பட்டறை பட்டறையாகச் சுற்றிய டிஸ்ட்ரிபியூட்டரில் உடல் ஒன்று, தண்டு ஒன்று, வேக்குவம் ஒன்று என்று மூன்று பிறப்பிடங்கள் இருப்பது சாதாரணம். அதைவிட முக்கியமாக, 25டி4 ஹெரால்டுக்கு மட்டும் உரியதல்ல. மாரிஸ், ஆஸ்டின், எம்ஜி என்று அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றிலும் இருந்தது. இங்கிலாந்தில் செய்தது என்று நிரூபித்துவிட்டால் அது ஹெரால்டுக்குப் பிறந்தது என்று ஆகிவிடாது.

அதற்குரிய விடை உள்ளே இருக்கிறது. ரோட்டரை எடுத்துவிட்டு, பிளாட்டினம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கழற்றினால், வேகத்துக்கேற்ப விரியும் எடைக்கட்டிகளுக்கு மேலே, பாயிண்ட்டைத் திறக்கும் கேமின் அடித்தகட்டில் ஓர் எண் குத்தியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் அதிகபட்சம் எத்தனை டிகிரி அட்வான்ஸ், அதாவது தீப்பொறி எவ்வளவு முன்கூட்டியே விழும் என்பதே அந்த எண். அந்தத் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், கிராங்க் கணக்கில் அதை இரட்டிப்பாக்க வேண்டும். வேக்குவம் யூனிட்டின் 5 12 8க்குப் பொருள், ஐந்து அங்குலப் பாதரச உறிஞ்சலில் அட்வான்ஸ் தொடங்கி, பன்னிரண்டில் முழுமையாகி, அதிகபட்சம் எட்டு டிகிரி வரை போகும் என்பது. இரண்டையும் 948 சிசி எஞ்சினின் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தாத கேமைப் போட்டு ஓட்டினால், மேட்டில் மிதிக்கும்போது எஞ்சின் தட்டும், அல்லது இழுவை இல்லாமல் சூடேறும்; வார்ப்பில் எந்த நாட்டுப் பெயர் இருந்தாலும் அதைத் தடுக்காது.

மேலவெளிவீதி:
ஓட்டுவதற்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் பழைய கார்க் கண்காட்சியில் நடுவர் தட்டைக் கழற்றிப் பார்ப்பதில்லை. வெளியே தெரியும் லூகாஸ்-டிவிஎஸ் யூனிட்டைத்தான் பார்ப்பார். அதற்கு ஈடாக ஓர் இங்கிலாந்து யூனிட்டைத் தேடி மாட்டச் சொல்வேன்.

கோரிப்பாளையம் பட்டறை:
சென்னையில் செய்து மதுரையில் பதிவான காருக்குப் பாடி யூனிட் எப்படிக் குறையாகும்? அது வண்டியின் வரலாற்றில் சேர்ந்தது. நல்ல நிலையில் இருந்தால் கழற்றவே கூடாது. யூனிட்டின் குழாயை வாயால் உறிஞ்சிப் பிடித்தால் பாயிண்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திருநகர்வாசி:
உறிஞ்சிப் பார்த்தேன், நிற்கிறது. தட்டைக் கழற்றக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை; முழு விலையும் கொடுத்த பிறகு கழற்றிக்கொள்ளலாம் என்கிறார்.

கோரிப்பாளையம் பட்டறை:
அப்படியென்றால் வார்ப்புக்கும் வேக்குவம் யூனிட்டுக்கும் தகுந்த விலையை மட்டும் சொல்லுங்கள். கேமின் எண்ணைப் பார்க்காமல் சீமை விலை கொடுக்காதீர்கள்.