ஃபேமிலி கோர்ட் வக்கீலோட படிப்பு, அனுபவம் எல்லாம் எப்படி செக் பண்றது?

மலைக்கோட்டை_தம்பி:
எங்க அக்காவுக்காக கேக்கறேன். 4 வயசுல ஒரு பொண்ணு, ரெண்டு பேரும் ஒன்றரை வருஷமா எங்க கூட திருச்சியில தான் இருக்காங்க. போன வாரம் சென்னை ஃபேமிலி கோர்ட்ல இருந்து சம்மன் வந்துச்சு, மாமா டைவர்ஸ் கேட்டு மனு போட்டிருக்கார். சித்தப்பா தெரிஞ்ச வக்கீல்னு ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனார். கார்டுல பி.காம்., பி.எல்., எம்.எல்., அதுக்கு மேல ரெண்டு டிப்ளமோ, கீழ "ஃபேமிலி லா ஸ்பெஷலிஸ்ட்"னு இருக்கு. 40 ஆயிரம் அட்வான்ஸாம், கடைசியில வர்ற ஜீவனாம்சத்துல 15 பர்சன்ட் அவருக்காம், ஆறே மாசத்துல முடிச்சுத் தர்றேன்னார். அக்கா அங்க வாயே திறக்கல, பஸ்ல வரும்போது "இவர் வேணாம்டா"ன்னு மட்டும் சொல்லுச்சு. எந்தப் படிப்பு இருந்தா நல்ல ஃபேமிலி வக்கீல்னு நம்பலாம்?

கருப்பு_கோட்டு:
தம்பி, நான் சென்னை ஃபேமிலி கோர்ட்ல 14 வருஷமா பிராக்டிஸ் பண்றேன். முதல்ல ஒண்ணு, நம்ம ஊர்ல ஃபேமிலி லாவுக்குன்னு தனி லைசன்ஸ் கிடையாது. லா டிகிரி, 1961 வக்கீல்கள் சட்டப்படி பார் கவுன்சில்ல (வக்கீல்களைப் பதிவு பண்ற அமைப்பு) என்ரோல்மென்ட், 2010 வாக்குல இருந்து படிச்சு முடிச்சவங்கன்னா அகில இந்திய பார் எக்ஸாம் பாஸ், அவ்வளவு தான். சொத்து கேஸ் பாக்கறவருக்கும் கிரிமினல் பாக்கறவருக்கும் எனக்கும் இதே தகுதி தான். எம்.எல். இருந்தா சட்டம் ஆழமா படிச்சிருக்கார்னு அர்த்தம், ஃபேமிலி கோர்ட் படி ஏறியிருக்கார்னு அர்த்தம் இல்ல.

என்ரோல்மென்ட் நம்பர் கேளுங்க, தப்பே இல்ல. எம்.எஸ்.னு ஆரம்பிச்சு நம்பர், கடைசியில வருஷம் வரும். அதுலயே எத்தன வருஷ சர்வீஸ்னு தெரிஞ்சிடும். ஈ-கோர்ட்ஸ்னு கோர்ட் கேஸ் விவரம் பாக்கற ஆப்ல வக்கீல் பேரையோ பார் நம்பரையோ போட்டா அவர் ஆஜராகற கேஸ் லிஸ்ட் வரும், எல்லாம் செக் பவுன்ஸும் நில வழக்குமா இருந்தா உங்களுக்கே புரியும்.

அந்த 15 பர்சன்ட் எனக்கு கோவமா வருது. கேஸ்ல கிடைக்கறதுல பங்கு பேசக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதி 20 சொல்லுது. கார்டுல, போர்டுல "ஸ்பெஷலிஸ்ட்"னு போட்டுக்கறதையும் விதி 36 தடுக்குது. ஆறு மாசம்னு நாள் குறிச்சுக் கொடுக்க யாராலயும் முடியாது. ஒரு கேள்வி, அவர் உங்ககிட்ட முதல்ல என்ன கேட்டார்?

மலைக்கோட்டை_தம்பி:
மாமா சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா, இது ரெண்டு தான் சார் கேட்டார்.

கருப்பு_கோட்டு:
இந்த வேலையில ஊறினவரா இருந்தா "பொண்ணு எந்த ஊர்ல இருக்கு, குழந்தைக்கு என்ன வயசு"ன்னு தான் ஆரம்பிப்பார். ஏன்னா சின்னக் குழந்தைய வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருச்சியில இருந்து சென்னை வரணும், அதனால கேஸ திருச்சிக்கு மாத்தச் சொல்லி ஐகோர்ட்ல டிரான்ஸ்ஃபர் பெட்டிஷன் போடலாமான்னு தான் முதல் யோசனை ஓடும். அடுத்தது இந்து திருமணச் சட்டம் பிரிவு 24ல இடைக்கால ஜீவனாம்சம், அதாவது கேஸ் நடக்கும்போதே மாசாமாசம் வர்ற பணம், அதுலயே கேஸ் செலவும் கேக்கலாம். 2020ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுல இருந்து ரெண்டு பக்கமும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் அஃபிடவிட்டா (சத்தியப் பத்திரம்) போடணும், அதுக்கு மாமாவோட சம்பள ஸ்லிப் இருக்கான்னு கேப்பார்.

மலர்_அம்பத்தூர்:
நான் பட்டது சொல்றேன் தம்பி. என் முதல் வக்கீல் சொத்து கேஸ்ல பெரிய ஆள், 30 வருஷ சர்வீஸ், எங்கப்பா அதைப் பாத்து தான் கொடுத்தார். மூணு வாய்தா ஜூனியர் வந்து தேதி மட்டும் வாங்கிட்டுப் போனாங்க, கவுன்ட்டரே (பதில் மனு) போடல, நான் எக்ஸ்பார்ட்டி ஆயிட்டேன், அதாவது என் பக்கம் கேக்காமலே உத்தரவு போட்டுட்டாங்க. அத ரத்து பண்ணவே எட்டு மாசம் ஓடிடுச்சு. இடைக்கால ஜீவனாம்சம்னு ஒண்ணு இருக்கறதையே அவர் சொல்லல, அந்த வருஷம் பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு வளையல அடகு வெச்சேன். ஃபீஸ் பாக்கின்னு கேஸ் கட்டையும் தரல. பாக்கிக்காக கட்டை பிடிச்சு வெக்க வக்கீலுக்கு உரிமை இல்லன்னு 2000லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சாம், எனக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது.

ரெண்டாவது வக்கீல நானே தேடினேன். ஒரு நாள் காலையில ஐகோர்ட் வளாகத்துல ஃபேமிலி கோர்ட் வராண்டாவுல போய் நின்னுட்டேன். ஒரு அம்மா, மேல போனா 35 வயசு, அவங்ககிட்ட கேஸ் கொடுத்திருந்த பொண்ணு பக்கத்துல உக்காந்து புரூஃப் அஃபிடவிட்ட (எழுத்துல கொடுக்கற சாட்சியம்) வரி வரியா தமிழ்ல சொல்லி, "இது நீ சொன்னது தானே, இல்லன்னா அடிச்சிடலாம்"னு கேட்டுக் கேட்டு கையெழுத்து வாங்கினாங்க. அன்னைக்கே அவங்க நம்பர் வாங்கிட்டேன். அவங்க வெறும் பி.எல். தான்.

காவிரிக்கரை:
இன்னொண்ணு, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12. திருச்சி கோர்ட்லயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, போய்க் கேளுங்க. என் தங்கச்சிக்கு அங்க கிடைச்ச வக்கீல் ஒரு வாய்தா தவறல.

மலைக்கோட்டை_தம்பி:
எல்லாருக்கும் நன்றி. நேத்து திருச்சியில ஒரு வக்கீலம்மாவ பாத்தோம், உக்காந்ததும் "பாப்பாவ ஸ்கூலுக்கு யாரு கொண்டு போய் விடறா"ன்னு தான் கேட்டாங்க. அக்கா ஒரு மணி நேரம் பேசுச்சு. இப்ப ஒரு பயம், பழைய வக்கீல் அன்னைக்கே வெத்து வக்காலத்துல (அவர் நமக்காக ஆஜராக நாம கொடுக்கற பேப்பர்) கையெழுத்து வாங்கிட்டார், என்ன பண்றது?

கருப்பு_கோட்டு:
ஃபைல் ஆகலன்னா இன்னைக்கே போய் திருப்பி வாங்கிடுங்க, வாங்கினதும் கிழிச்சிடுங்க. ஃபைல் ஆயிருந்தா அவர்கிட்ட நோ அப்ஜெக்‌ஷன் எழுதி வாங்கி புது வக்காலத்து போடணும், தரமாட்டேன்னா கோர்ட்ல பர்மிஷன் கேட்டு மாத்திக்கலாம். சம்மன்ல இருக்கற தேதிய மட்டும் விட்டுடாதீங்க.