புதுப்பிப்பு: கண்ணாடியில் ஒட்டிய நர்ஸம்மா படம், 31ஆம் நாள் நினைவுக்குத் தயார்

இலங்கை மலைநாட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரியில் (மருந்தகத்தில்) மாட்டியிருந்த நர்ஸம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது, எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பிரிக்காதீங்க, கண்ணாடியோடயே பிரதி எடுங்க" என்றதுதான் பலித்தது. மலைநாட்டு ஈரத்தில் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகமே உரிந்து வரும். ஹேர் ட்ரையர் சூடு வேண்டவே வேண்டாம், ஓரத்தில் சோதித்த இடம் வெடித்துவிட்டது.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, நம் பிம்பம் கண்ணாடியில் விழாமல் கமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டினோம். பிரேம் விளிம்பு தூக்கி நிற்பதால் ஸ்கேனரில் மங்கலாகத்தான் வந்தது. 8க்கு 10 அங்குலம் அச்சிட 2400க்கு 3000 பிக்சல் தேவை. சாதாரண போனே போதும்.

எதிர்பாராத சிக்கல் படத்தின் கீழ் எழுதும் வரியில்: எந்த நிர்வாகத்தின் பெயரைப் போடுவது? கம்பெனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பெனி நிர்வாகத்துக்குப் போயின. ஒரே டிஸ்பென்சரி, மூன்று முதலாளிகள்! கடைசியில் தோட்டப் பெயரை மட்டும் போட்டோம்.