ரோடின் சிலைப் பரிசோதனை: குழுவுக்கு 30 பேர் போதுமா?

கேள்வி: சிற்பி ரோடினின் 'சிந்தனையாளர்' சிலைப் படத்தைப் பார்த்தவர்களிடம், வேறொரு சிலைப் படத்தைப் பார்த்தவர்களைவிடக் கடவுள் நம்பிக்கை குறைவாக இருந்ததாக 2012இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 57 மாணவர்கள்தான். அதே மாதிரி செய்ய, குழுவுக்கு 30 பேர் போதுமா?

பதில் 1: போதாது. 2017இல் 941 பேரிடம் திரும்பச் செய்தபோது அந்த விளைவு தென்படவில்லை. கோஹன் டி (இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டைத் தரவின் சிதறலோடு ஒப்பிடும் அளவு) 0.2 என்ற சிறிய வேறுபாட்டை 80% திறனுடன், அதாவது அது உண்மையில் இருந்தால் நூற்றுக்கு எண்பது முறை, பிடிக்கக் குழுவுக்கு 394 பேர் வேண்டும். 30 பேரில் 'கிடைத்தது' என்றால் பெரும்பாலும் உண்மையைவிட ஊதிப்போன எண்தான்.

பதில் 2: எண்ணிக்கை மட்டுமல்ல. படம் பகுத்தாய்ந்து யோசிக்கத் தூண்டுவதால்தான் நம்பிக்கை குறைகிறது என்பதே அந்த ஆய்வின் வாதம்; அப்படித் தூண்டுகிறதா என்று முதலில் தனியாகச் சோதியுங்கள். தூண்டாவிட்டால், நம்பிக்கை மாறாததற்கு அர்த்தமே இல்லை. கருதுகோள், யாரை நீக்குவது, எந்தப் புள்ளியியல் சோதனை என்பதையெல்லாம் தரவு வாங்கும் முன்பே ஆய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதியும் ஓஎஸ்எஃப் இணையதளத்தில் பதிந்துவிடுங்கள்.

கேட்டவர்: இரண்டு படத்தையும் ஒரே ஆளிடம் காட்டினால் ஆள் மிச்சமாகுமே?

பதில் 1: மிச்சமாகும். ஆனால் நோக்கத்தை ஊகித்துவிடுவார்கள். வேறு ஆய்வகங்களோடு சேர்ந்து ஆள் திரட்டுவதே மேல்.